கௌரவத்தின் விலை

ஒரு குடும்பம் உயர்ந்தது, பிறகு விழுந்தது என்று வரலாற்றில் படிக்கிறோம். எதை வைத்து அளக்கிறார்கள்? பெரும்பாலும் ஆண்கள் பிடித்த நிலத்தையும் வகித்த பதவியையும் வைத்துத்தான். ஜார்ஜியானா மெக்ரேயைப் படித்தபோது அந்த அளவுகோல் எனக்குப் போதவில்லை.

அவர் 1804இல் பிறந்தவர். ஸ்காட்லாந்தின் கோர்டன் பிரபுவுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகள். முறையாக ஓவியம் கற்று, எடின்பரோவில் உருவப்படங்கள் வரைந்து சம்பாதித்தவர். 1830இல் வழக்கறிஞர் ஆண்ட்ரூ மெக்ரேயை மணந்தார். 1841இல் நான்கு மகன்களோடு, முன்பே போயிருந்த கணவரைத் தேடி மெல்போர்ன் வந்து இறங்கினார்.

யாரா ஆற்றங்கரையில் மேஃபீல்ட் என்ற வீடு எழுந்தது. காலனியின் பெரிய மனிதர்கள் வந்துபோனார்கள். ஆனால் 1840களின் பொருளாதார மந்தம் அந்த வாழ்வைக் குலைத்தது. குடும்பம் ஆர்தர்ஸ் சீட் மலைச்சரிவுக்குப் போய் மாடு வளர்த்தது. அங்கே மரப்பலகை வீட்டுக்கு வரைபடம் போட்டவரும் ஜார்ஜியானாதான். 1851இல் அதையும் விட்டுக் கிளம்பினார்கள்.

பணம் இல்லாத அந்த வருடங்களில், வீட்டில் கைத்தொழில் தெரிந்த ஒருத்தி இருந்தாள். ஆனால் காசுக்குப் படம் வரைவது கனவானின் மனைவிக்கு அழகல்ல என்று புகுந்த வீட்டார் தடுத்துவிட்டார்கள். எனக்கு இது புதிதல்ல. என் அம்மாவின் டைப்ரைட்டிங் சான்றிதழ் பீரோவிலேயே கிடந்து மஞ்சளானது. "பொம்பள சம்பாதிச்சா நாம சாப்பிடணும்?" என்ற கேள்விக்கு அம்மா பதில் சொன்னதில்லை. கடன் வாங்கினால் போகாத கௌரவம், பெண் கூலி வாங்கினால் மட்டும் போய்விடும்.

ஆனாலும் ஜார்ஜியானாவை வெறும் பாதிக்கப்பட்டவராக மட்டும் என்னால் எழுத முடியாது. அந்தக் குடும்பம் மாடு மேய்த்தது பூன்வுர்ரங் மக்களின் நிலத்தில். உரிமம் தந்தது அந்த மண்ணைத் தனதென்று அறிவித்த அரசு. அம்மக்களில் சிலரை அவர் வரைந்தும் இருக்கிறார். மெக்ரே குடும்பம் இழந்தது ஒரு குத்தகையை. பூன்வுர்ரங் மக்கள் இழந்தது தங்கள் நாட்டையே. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

அந்தப் பலகை வீடு இன்று அருங்காட்சியகம். மனைவி காசுக்கு வரையக் கூடாது என்று காக்கப்பட்ட பெயர் இன்று நினைக்கப்படுவது, அவர் வரைந்த படங்களாலும் எழுதிவைத்த நாட்குறிப்பாலும்தான்.