வால் இல்லை, அதனால் என்ன?

ஆபீஸில் என்னைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. ட்ரோன் செய்து கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விட்டுக் காசு பார்க்கிறான் என்பது ஒன்று. மறை கழன்ற கேஸ் என்பது இன்னொன்று. முதலாவது சுத்தப் பொய்.

நான் சோமனூர்க்காரன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். காலையில் ரயில், ராத்திரி பஸ். ஜி.எஸ்.டி., பேங்க் ஸ்டேட்மென்ட், லிஸ்ட்டில் இருந்து பெட்டியில் இல்லாத நாலு டஜன் பனியன்... இவற்றுக்கு நடுவே இருபது வருஷமாக விடாத ஒரு பைத்தியம். ரேடியோ கன்ட்ரோல் விமானம். அதிலும் வால் கிடையாது, உடம்பு கிடையாது, வெறும் இறக்கை மட்டும். ஃப்ளையிங் விங் என்று பெயர். எங்கள் தெருவில் 'அந்தப் பையன் விடற வௌவால்' என்பார்கள். (பையனுக்கு வயது நாற்பது தாண்டிவிட்டது.)

எங்கள் மானேஜர் ஒருமுறை சீரியஸாகவே கேட்டார்.

"ஏனுங்க, அது பிரியாணிப் பொட்டலம் தூக்குமுங்களா?"

"தூக்காதுங்க சார்."

"போட்டோ புடிக்குமா?"

"புடிக்காதுங்க."

"அப்புறம் என்னதானுங்க பண்ணும்?"

"பறக்குமுங்க."

என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு வவுச்சரில் கையெழுத்துப் போட்டார்.

இது எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால், சலூனில். பாலிடெக்னிக் படித்த காலம். முடி வெட்ட வரிசையில் உட்கார்ந்து, அட்டை கிழிந்த ஒரு பழைய பத்திரிகையைப் புரட்டினால் கறுப்பாக ஒரு படம். அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு விமானம். முன்பக்கம் ஒரு பூமராங், பின்பக்கம் ரம்பத்தின் பல். இது எப்படிக் கவிழாமல் பறக்கிறது? கட்டிங் முடிந்து, தலையில் தண்ணீர் தெளித்து, பவுடர் அடித்து அனுப்பிய பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை.

சாதாரண விமானத்துக்கு வால் அலங்காரம் அல்ல. இறக்கையைத் தனியாக விட்டால் மூக்கைக் கவிழ்த்துக்கொள்ளும் சுபாவம் அதற்கு. மொபெட்டில் முன்னால் நூல் மூட்டை வைத்தால், பின்னால் ஒரு ஆளை உட்கார வைத்துச் சரிக்கட்டுவோம் இல்லையா? அந்தப் பின்சீட்டு ஆள்தான் வால். கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே வரும். வாலை வெட்டி எறிந்தால் அந்த வேலையும் இறக்கை தலையில் விழுகிறது. அதற்காக இறக்கையைப் பின்னோக்கிச் சாய்த்து, பின் விளிம்பை மட்டும் லேசாக மேலே தூக்கிவிடுகிறோம். வேட்டிக் கரை மடங்கி நிற்கிற அளவுதான். அந்த விளிம்பில் இரண்டு மடக்குப் பலகை. இரண்டும் சேர்ந்து தூக்கினால் விமானம் மேலே போகும். ஒன்று ஏறி மற்றது இறங்கினால் சாய்ந்து திரும்பும். இதற்கு எலிவான் என்று பெயர். ஆள் குறைத்த பிறகு எங்கள் ஆபீஸில் ஒரே ஆள் அக்கவுன்ட்ஸும் டிஸ்பாட்ச்சும் பார்க்கிறானே, அந்த ஏற்பாடு.

வசதி என்னவென்றால் உடைய அதிகம் இல்லை. ஒரு மோட்டார், இரண்டு சர்வோ, ஒரு பேட்டரி, ஒரு ரிசீவர். சக்கரம்கூட இல்லை. கையால் வீசி விட வேண்டும், வயிற்றால் வந்து இறங்கும். புரொபெல்லர் பின்னால் சுற்றுவதால் வீசும்போது விரல் பத்திரம். தொந்தரவு என்னவென்றால் எடை மையம். ஒரு மீட்டர் இறக்கையில் அது ஒரு சென்டிமீட்டர் பின்னால் தள்ளினால் போதும், கையை விட்டதும் குட்டிக்கரணம். பேட்டரியை முன்னால் நகர்த்தி, இரண்டு விரலில் தராசு மாதிரி நிறுத்திப் பார்த்து, அப்புறம்தான் குலதெய்வத்தை நினைக்கலாம்.

நான் ஆரம்பித்தபோது சிங்கப்பூரிலிருந்து மாமா பையன் கொண்டுவந்த ரேடியோவில் இரண்டு கட்டளைகளைக் கலந்து கொடுக்கும் வசதி இல்லை. இப்போது அது ஒரு பட்டன். அன்றைக்கு ஒரு சர்வோவைச் சின்னத் தட்டில் பொருத்தி, அந்தத் தட்டையே இன்னொரு சர்வோ முன்னும் பின்னும் இழுக்கும்படி செய்தேன். கம்பி, சைக்கிள் போக்ஸ் கம்பி. தட்டு, பல்பொடி டப்பா மூடி. வேலை செய்தது சார்!

இறக்கையை அறுப்பது தனிக் கூத்து. பெட்டியில் வருகிற தெர்மகோல் கட்டையைச் சூடான கம்பியால் அறுக்க வேண்டும். வில்லின் ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனை என் மனைவி. இறக்கையின் அடிப்பக்கம் அகலம், நுனி குறுகல். அதனால் ஒருவர் வேகமாகவும் ஒருவர் மெதுவாகவும் இழுத்து, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் முடிக்க வேண்டும். கல்யாணப் பொருத்தம் பார்ப்பவர்கள் பத்தோடு பதினொன்றாக இதையும் சேர்க்கலாம். ஒட்டுவதற்கு ஃபெவிகால். பஞ்சர் சொல்யூஷன் வகையறா பட்டால் தெர்மகோல் கரைந்து குழி விழும். மேலே பார்சலுக்குச் சுற்றும் நார் டேப்பை இழுத்து ஒட்டினால் தென்னை மரத்தில் மோதினாலும் தாங்கும். மரத்துக்கு நான் உத்தரவாதம் இல்லை.

"யாருங்க இத மொதல்ல கண்டுபுடிச்சது? கையில கெடச்சா..." என்று மனைவி ஒருநாள் கேட்டாள். முதலில் செய்தது ஒரு கொடி. ஜாவா பக்கத்துக் காடுகளில் அல்சோமித்ரா என்ற கொடியின் விதைக்குக் கண்ணாடித்தாள் மாதிரி இரண்டு பக்கமும் இறக்கை. காய் வெடித்ததும் வாலும் இல்லாமல் ஆளும் இல்லாமல் சறுக்கிக்கொண்டு போகும். மனிதர்களில் இந்தப் பைத்தியம் முற்றியவர்கள் என்றால் ஜெர்மனியின் ஹோர்ட்டன் சகோதரர்களும், அமெரிக்காவின் ஜாக் நார்த்ரப்பும்.

நார்த்ரப் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வெறும் இறக்கைதான் விமானத்தின் சரியான வடிவம் என்பது அவர் கட்சி. 1947 அக்டோபரில் ஒய்பி-49 பறந்தது. எட்டு ஜெட் இன்ஜின், முனைக்கு முனை 172 அடி. 1948 ஜூனில் ஒன்று நொறுங்கி உள்ளே இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். அவர்களில் க்ளென் எட்வர்ட்ஸ் பெயரைத்தான் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்துக்கு வைத்தார்கள். பிறகு திட்டமே ரத்து. மிச்சம் இருந்த விமானங்களை உடைத்துப் பழைய உலோகமாக்கினார்கள். 1980-ல் நார்த்ரப் நோயாளிக் கிழவர். அவரை ஒருநாள் அழைத்துப்போய், வெளியே யாருக்கும் தெரியாத ஒரு விமானத்தின் சின்ன மாடலைக் காட்டினார்கள். வெறும் இறக்கை! அடுத்த வருஷம் பிப்ரவரியில் அவர் இறந்தார். அந்த பி-2 முதன்முதலில் பறந்தது 1989 ஜூலை 17. முனைக்கு முனை அதே 172 அடி.

நம் தேசமும் சளைத்ததல்ல. 2022 ஜூலை 1 அன்று கர்நாடகாவில் சித்ரதுர்கா பக்கம் டி.ஆர்.டி.ஓ. ஆளில்லாத ஒரு ஜெட் இறக்கையைத் தானே கிளம்பித் தானே இறங்க வைத்தது. அன்றைக்கு ஆபீஸில் நான் ஸ்வீட் கொடுத்தேன். பெண் குழந்தையா, ஆண் குழந்தையா என்று கேட்டார்கள்.

எங்கள் ஊருக்கு இன்னொரு கொடுப்பினை. சூலூர் விமானப்படைத் தளம் சத்தம் கேட்கிற தூரம். 2018-ல் அங்கே தேஜஸ் படைப்பிரிவு வந்தது. தேஜஸுக்கும் பின்னால் படுக்கை வால் கிடையாது, எலிவான்தான். ஆனால் அதே சூலூரால்தான் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து ஒன்றும் விட முடியாது. 2021-ல் வந்த ட்ரோன் விதிகளின்படி வரைபடத்தில் சிவப்பு இடத்தில் பறக்கவிட மத்திய அரசு அனுமதி வேண்டும். பச்சை இடத்தில் 400 அடி வரை கேட்க வேண்டியதில்லை. போர் விமானம் இறங்குகிற வழியில் என் தெர்மகோல் போய் நிற்பது எனக்கே சம்மதமில்லை.

ஆகவே வரைபடத்தில் பச்சை பார்த்து, காங்கேயம் தாண்டி ஒரு சொந்தக்காரர் காட்டுக்குப் போகிறேன். எங்கள் பக்கத்தில் காடு என்றால் புலி இருக்காது. மேய்ச்சல் நிலம். கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். புல் மெத்தை மாதிரி இருப்பதால் வயிற்றால் இறங்கும் விமானத்துக்கு அதைவிட நல்ல ரன்வே கிடையாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஒரு காற்று வரும் பாருங்கள்! அதை எதிர்த்து நிறுத்தினால் இறக்கை ஆகாயத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். முன்னும் போகாது, பின்னும் போகாது. மாடுகள் மேய்வதை நிறுத்திவிட்டுப் பார்க்கும்.

இந்த ஜாதி விமானத்தில் நிஜமான கஷ்டம் கண்ணுக்குத்தான். உடம்பும் வாலும் இருந்தால் எந்தப் பக்கம் மூக்கு என்று தெரியும். இது தூரம் போனால் ஒரு கோடு. மேலே பார்க்கிறோமா, அடியில் பார்க்கிறோமா? வருகிறதா, போகிறதா? எதிரே வரும்போது வலது, இடதாகிவிடும். அதற்காகத்தான் மேலே ஆரஞ்சு, அடியில் கறுப்பு. பொழுது சாய்ந்தால் இரண்டும் ஒரே கறுப்பு.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு எட்டு விசைத்தறி. பாவும் நூலும் வாங்கிக் கூலிக்குக் காடா நெய்து கொடுப்பது. நாற்பது வருஷம் குடோனுக்குள் நின்று இரண்டு காதும் போய்விட்டது. எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு சைகைதான். தறி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். என் விமானத்தைப் பற்றி அத்தனை வருஷத்தில் அவர் கேட்டது ஒரே கேள்வி. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டுவார். காசு வருதா? நான் தலையை ஆட்டுவேன். போய்விடுவார்.

2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தினார்கள். எங்கள் ஊருக்குத் தறிச் சத்தம்தான் தாலாட்டு. அது நின்றதும் ஊரே தூக்கம் கெட்டு உட்கார்ந்திருந்தது. காது கேட்காத அப்பாவும் தூங்கவில்லை. கேட்டால், "தரை அதிர மாட்டேங்குதுடா" என்றார். ஓடாத தறியைத் துடைப்பதும், நாடாவைக் கையில் எடுத்து உருட்டிவிட்டுத் திரும்ப வைப்பதுமாக இருந்தார். பார்க்கச் சகிக்காமல், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பைக்கில் ஏற்றிக்கொண்டேன். இறக்கையை மடியில் குறுக்காகப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். அவிநாசிபாளையம் தாண்டியதும் அடித்த எதிர்க்காற்றில் அவரையும் சேர்த்துத் தூக்கிவிடுமோ என்று பயமாகிவிட்டது.

காட்டில் வேலியோரம் துண்டை விரித்து உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் கடைசி ஆட்டம். மேற்கே வெளிச்சம் மங்கி, இறக்கை முந்நூறு அடி தள்ளி ஒரு கோடாக நின்றது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சட்டையை யாரோ இழுத்தார்கள். அப்பா.

"உன்ற எடக்கைப் பக்கம் எறங்குது சாமி. வரல, போயிட்டிருக்குது."

வலது கொடுத்தேன். கோடு நிமிர்ந்தது. திருப்பினேன். "இப்ப வருது." வந்தது. புல்லில் சறுக்கி, எங்கள் காலுக்கு ஆறடியில் நின்றது.

ஓடுகிற தறியில் ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே ஒன்று அறுந்தால், துணியில் ஓட்டை விழுவதற்குள் பார்த்து நிறுத்துகிற கண் அது. முந்நூறு அடி, மூன்றரை அடி இறக்கை எல்லாம் அதற்கு வெறும் தமாஷ். அன்றிலிருந்து ஞாயிறு காலை ஐந்து மணிக்கு என்னை எழுப்புவது அவர்தான். நான் ஸ்டிக்கைப் பிடிப்பேன், அவர் என் தோளைப் பிடிப்பார். இடது தோளை அழுத்தினால் இடது இறங்குகிறது, வலது என்றால் வலது. முதுகில் ஒரு தட்டு என்றால் வருகிறது.

அந்த வருஷக் கடைசியில் நாலு தறி போயிற்று. ஓட்ட ஆள் இல்லை, கூலியும் கட்டவில்லை. பழைய இரும்புக்காரர்கள் சுத்தியலும் கேஸ் கட்டருமாக வந்து, வாசலில் எடை போட்டு, மினி லாரியில் ஏற்றினார்கள். அப்பா கடைசி வரை நின்று கிலோ கணக்கைச் சரிபார்த்தார். ராத்திரி சாப்பிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பேச வேறு ஒன்றும் தோன்றாமல், நார்த்ரப் கதையைப் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் படம் போட்டுச் சொன்னேன். உடைத்தார்கள் என்கிற இடம் வந்ததும் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எடைக்கா போட்டாங்க?"

"ஆமாங்ப்பா."

"அந்த ஆளு பாத்துக்கிட்டு நின்னானா?"

எனக்குத் தெரியவில்லை என்று கையை விரித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு 172 என்ற நம்பரின் கீழே விரலால் கோடு இழுத்து, "அளவு மாத்தலயே" என்றார். தட்டை எடுத்து வரச் சொன்னார்.

மிச்சம் இருக்கிற நாலையும் கேட்டு இப்போது ஒரு பார்ட்டி வந்துபோகிறது. குடோனோடு சேர்த்துக் கொடுத்தால் நல்ல விலை என்கிறார்கள். அம்மா கொடுத்துவிடலாம் என்கிறாள். என் கணக்குப் புத்தியும் அதையே சொல்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் ஆபீஸிலிருந்து வந்து குடோனுக்குள் போனேன். நாலு தறி இருந்த இடத்தில், எண்ணெய்க் கறை மேல், பாவு அளக்கிற டேப்பைப் போட்டு அப்பா சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எட்டடி. நான் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த பெரிய இறக்கை. நடுக்கோடு, இரண்டு பக்கமும் சாய்வு, நுனி... எல்லாம் சரியாக இருந்தது.

"மேலுக்குக் காடாவே இழுத்து ஒட்டலாம், பசை போட்டா விறைச்சு நிக்கும்" என்றார். அப்புறம் ஓடிக்கொண்டிருந்த தறிகளைக் காட்டினார்.

"அந்தப் பக்கம் மட்டும் வராத. நாடா தெறிச்சா ஓட்டையாயிரும்."