வேடனுக்கு வேண்டிய சட்டை

வேட்டையைப் பற்றி எழுத நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாம் திருநெல்வேலிச் சீமையிலே பௌதிக சாஸ்திரம் போதித்துக் காலம் தள்ளும் ஓர் உபாத்தியாயர், பரம்பரைச் சைவர். நம் வீட்டு வாசற்படியைக் கோழிமுட்டைகூடத் தாண்டி வந்தது கிடையாது. கொசுவைத் தவிர வேறு எந்த ஜீவனையும் நாம் வேட்டையாடியதில்லை; அந்த வேட்டையிலும் ஜயம் பெரும்பாலும் கொசுவுக்கே. ஆயினும் சென்ற புரட்டாசி மாதம் முழுவதும், பரீட்சைத் தாள்களைக்கூட ஒதுக்கி வைத்துவிட்டு, வேடருடைய உடைகளைப் பற்றிய ஆராய்ச்சியில் நாம் மூழ்கிக் கிடந்தோம். காரணம், நம் தமக்கையின் மகன்.

பையன் கானடா தேசத்தில் டொரான்டோ நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறான். அந்த ஒன்டேரியோ மாகாணத்தின் வடபகுதி முழுவதும் காடும் ஏரியும் சதுப்பு நிலமுமாகும். அங்கே மூஸ் என்ற மிருகம் வசிக்கிறது. மான் ஜாதியிலேயே மிகப் பெரியது. வளர்ந்த ஆண் மூஸ் ஐந்நூறு கிலோவுக்கு மேலும் நிறுக்கும். உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு இலையுதிர் காலத்தில் அதை வேட்டையாடப் போவது அங்கே பல குடும்பங்களுக்கு வழக்கம். நம் பையனுடைய ஆபீஸ் சிநேகிதர் ஒருவரின் குடும்பமும் அப்படிப்பட்டதுதான். அவர்கள் கூப்பிட்டார்கள், இவனும் துப்பாக்கி எடுக்காமல் துணைக்குப் போனான். இது நடந்தது அதற்கு முந்தின வருஷம்.

அந்த முதற் பிரயாணத்தில் பையன் ஏறக்குறைய இறந்து போனான். இந்தச் செய்தியை அவன் பத்து மாதம் தாயாரிடமிருந்து மறைத்து வைத்திருந்தான்.

நடந்தது இதுதான். நவம்பர் மாதம். கடுங்குளிர்கூட இல்லை, பூஜ்யத்துக்கு இரண்டு மூன்று டிகிரி கீழே, மழையும் பனியும் கலந்து தூறிக்கொண்டிருந்தது. பையன் உள்ளே பருத்திப் பனியன், அதன்மேல் தடித்த பருத்திச் சட்டை, காலுக்கு ஜீன்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே விலை உயர்ந்த இறகுக் கோட்டு ஒன்று அணிந்திருந்தான். டொரான்டோ வீதிகளில் பஸ்ஸுக்குக் காத்து நிற்க அந்த வேஷம் தாராளமாகப் போதும். இங்கோ முதுகில் மூட்டையோடு இரண்டு மணி நேரம் மேடேறி நடந்தார்கள். வியர்வை ஆறாய்ப் பெருகிற்று. பிறகு ஓர் ஏரிக்கரையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து மூஸுக்காகக் காத்திருந்தார்கள். அரை மணியில் உடம்பு உதறலெடுத்தது. சிறிது நேரத்தில் உதறல் நின்றுவிட்டது. 'சௌக்கியமாகத்தான் இருந்தது, மாமா, குளிரே தெரியவில்லை' என்று நம்மிடம் சொன்னான். உடம்பின் உள்வெப்பம் முப்பத்தைந்து டிகிரிக்குக் கீழே இறங்கி, மேலும் இறங்கிக்கொண்டே போகும்போது நடுக்கம் நிற்பதுதான் மிகப் பெரிய அபாயக் குறி என்பது அவனுக்கு அப்போது தெரியாது. சிநேகிதருடைய தகப்பனார் ஏதோ கேட்க, இவன் தமிழிலே பதில் சொல்ல ஆரம்பித்தானாம். அந்தக் கிழவர் பாஷை புரியாமலே விஷயத்தைப் புரிந்துகொண்டார். வேட்டை அத்துடன் நின்றது. நெருப்பு மூட்டி, நனைந்த துணிகளை உரிந்தெறிந்து, உலர்ந்த கம்பளியில் சுற்றி, சர்க்கரை போட்ட வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிப் பிழைக்க வைத்தார்கள்.

இந்தப் பிள்ளை மறுபடியும் போகிறேன் என்கிறான்! நம் தமக்கை நம்மிடம் வந்தாள். பாவ புண்ணியத்தைப் பற்றிப் பேசுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் அதைத் தொடவே இல்லை. "தம்பி, போகாதேன்னு சொன்னா அவன் கேக்கமாட்டான், சொல்லாமப் போவான். என்ன உடுத்திட்டுப் போகணும்னு சொல்லு. நீ சயின்ஸ் வாத்தியார்தானே?" என்றாள். இத்தனை வருஷத்தில் நம்முடைய படிப்பை அவள் பொருட்படுத்திப் பேசியது இதுவே முதல் தடவை.

விஷயத்தின் மர்மம் நம் வீட்டு மண்பானையில் இருக்கிறது. பானையின் மேற்புறம் கசிந்து ஆவியாகும் நீர், உள்ளே இருக்கும் நீரின் உஷ்ணத்தைத் திருடிக்கொண்டு போகிறது. அதனால் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. மனித உடம்பின்மேல் ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியாவதற்குச் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் செலவாகும். பருத்தித் துணி இந்த வியர்வையை ஆவலோடு குடித்து வைத்துக்கொள்கிறது. கோவில்பட்டிக் கரிசலில் விளைந்த பருத்தி நம் சித்திரை வெயிலுக்கு அமிர்தமாயிருப்பது இந்தக் குணத்தால்தான். கதரின் பெருமையில் பாதி இதுவே. அதே குணம் பனிக்காட்டிலே எமனாகிறது. துணியிலுள்ள சந்து பொந்துகளில் காற்று நின்றால்தான் வெப்பம் உடம்போடு தங்கும். அந்தக் காற்றைத் தள்ளிவிட்டு நீர் வந்து உட்கார்ந்தால், நீரோ காற்றைப்போல் ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்திவிடும். 'பருத்தி கொல்லும்' என்று வட அமெரிக்க வேடர்களிடையே ஒரு வசனமே உண்டு. பருத்தி நாட்டில் பிறந்த நமக்கு அதைக் கேட்கச் சற்று ரோஷமாகத்தான் இருக்கிறது.

ஆகவே வேடனுடைய சங்கடம் வெறும் குளிர் அல்ல. நடக்கும்போது அவன் சூளை. உட்காரும்போது அவன் சிலை. இரண்டுக்கும் ஒரே சட்டை எப்படிப் பொருந்தும்?

இதற்குப் பூரணமான விடை கண்டவர்கள் எந்தக் கம்பெனியாரும் அல்லர். முன்பு எஸ்கிமோக்கள் என்று அழைக்கப்பட்ட இன்யூட் மக்களே கண்டார்கள். காரிபூ என்னும் மானின் தோலில் இரண்டு சட்டைகள்: உள்சட்டைக்கு ரோமம் உடம்பை நோக்கி இருக்கும், வெளிச்சட்டைக்கு ரோமம் வெளியே பார்த்திருக்கும். காரிபூவின் ரோமம் உள்ளே காற்றடைத்த நுண்குழாய் போன்றது. சட்டை உடம்போடு ஒட்டாமல் தொளதொளவென்று தொங்கும். உழைக்கும்போது சூடான காற்று கழுத்து வழியாக வெளியேறும். ஓய்ந்திருக்கும்போது தொப்பியை இழுத்துக்கொண்டால் உள்ளேயே தங்கும். வீட்டுக்குள் நுழையுமுன், சட்டையில் படிந்த பனித்தூளைத் தட்டி உதிர்ப்பதற்கென்றே ஒரு கோல் வைத்திருப்பார்கள். உள்ளே போய் அது உருகி ஈரமாகிவிடக் கூடாதல்லவா? மிருகத்தின் நரம்பு நாரினால் பெண்கள் போட்ட தையல் ஒன்று விட்டுப்போனால், பனிவெளியில் இருக்கும் கணவனின் பிராணனே போகலாம். அந்தத் தையற்காரிகளுக்குச் சர்வகலாசாலைகள் பட்டம் கொடுத்திருக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

நார்வே தேசத்து அமுண்ட்சென் 1903 முதல் 1905 வரை கிங் வில்லியம் தீவில் தங்கி, நெட்சிலிக் இன்யூட்டுகளிடம் மாணாக்கரைப்போல் இருந்து இந்த உடையைக் கற்றார். 1911-ம் வருஷம் டிஸம்பர் 14-ந் தேதி அவர் தென்துருவத்தை அடைந்து சுகமாகத் திரும்பினார். கம்பளியும் காற்றுப் புகாத காபர்டின் துணியும் அணிந்து, தாங்களே சறுக்கு வண்டியை இழுத்து வியர்த்துச் சென்ற ஸ்காட் கோஷ்டியார், 1912 ஜனவரியில் அங்கே சேர்ந்து, திரும்பும் வழியில் மாண்டார்கள். உடை ஒன்றே காரணம் என்று சொல்வது அநியாயம். உணவு, எரிபொருள், காலநிலை எல்லாமே அவர்களுக்கு விரோதமாயிருந்தன. ஆனால் உடையும் அந்த விரோதிகளோடு சேர்ந்திருந்தது.

டொரான்டோவில் காரிபூத் தோலுக்கு எங்கே போவது? பையன் ஒரு பிரசித்தமான கடையின் படங்களை அனுப்பியிருந்தான். மழை புகாது, வியர்வை வெளியேறும் என்ற வாக்குறுதியோடு ஒரு மேற்சட்டை. விலையோ அவன் ஒதுக்கி வைத்த ஆயிரம் டாலரில் முக்கால்வாசியை விழுங்கிவிடும். அந்தச் சட்டையின் சரித்திரம் சுவையானது. 1823-ல் ஸ்காட்லாந்துக்காரரான மாக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பூசி மழைக்கோட்டுக்குப் பேடண்ட் வாங்கினார். மழை உள்ளே வராது, வியர்வை வெளியே போகாது. அந்தக் குறை தீர நூற்றைம்பது வருஷம் சென்றது. அமெரிக்காவில் ராபர்ட் கோர் என்பவர் 1969-ல் டெஃப்லான் கோலைச் சூடாக்கி மெள்ள மெள்ள இழுத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அது ஒடிந்தது. ஆத்திரத்தில் ஒரே வெட்டாக இழுத்தார். ஒடிவதற்குப் பதிலாக அது பன்மடங்கு நீண்டு, நுண்துளைகள் நிறைந்த பொருளாயிற்று. நீர்த்துளி நுழைய முடியாத, நீராவி மட்டும் நுழையக்கூடிய துளைகள். கோர்-டெக்ஸ் என்னும் துணி இப்படிப் பிறந்தது. பொறுமையால் ஆகாதது ஆத்திரத்தால் ஆயிற்று என்பதை நாம் வகுப்பில் சொல்வதில்லை.

ஆனால் மேற்படி துணிக்கு மூன்று தோஷங்கள். ஓடி வியர்ப்பவனுடைய நீராவி முழுவதையும் அது வெளியேற்றிவிடாது. அதன் வெளித்துணி ஊறிவிட்டால் வெளியேற்றம் இன்னும் மந்தமாகும். மூன்றாவது தோஷம் வேடனுக்கென்றே ஏற்பட்டது: அந்தச் சட்டைகளில் பல, கையை அசைத்தால் காகிதத்தைக் கசக்கினாற்போல் சரசரக்கும். மூஸின் செவிகள் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்குமா?

நாம் பையனுக்கு எழுதியது வேறு. முதற்பணம் உடம்பை ஒட்டிய சட்டைக்குப் போகட்டும்: மெரினோ கம்பளியில் மேலும் கீழும் இரண்டு ஜோடி. கம்பளி இழை தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டும் தொடுவதற்கு நனைந்ததாய்த் தோன்றாது. சுருண்ட இழையாதலால் காற்றையும் விட்டுக்கொடுக்காது. அதன்மேல் பாலியஸ்டர் ஃப்ளீஸ் ஒன்று. அதற்கும் மேலே தடித்த கம்பளிக் கோட்டு, இது சரசரக்காது. அந்தப் பிராந்தியத்தின் மாக்கினா என்னும் கம்பளிக் கோட்டு ஏரிக்கரை மக்களின் பழைய உடைதான். புதிதாக வாங்க வேண்டியதில்லை, பழைய சாமான் கடையில் கிடைக்கும். கொட்டும் மழைக்கென்று மலிவான மெல்லிய மேலங்கி ஒன்று மூட்டையில் இருந்தால் போதும்.

இறகுக் கோட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதன் இடம் முதுகு அல்ல, மூட்டை. அமெரிக்காவில் எடி பவர் என்பவர் குளிர்கால மீன்பிடிப் பிரயாணமொன்றில் வியர்வையில் நனைந்து உறைந்து, நம் பையனைப்போலவே மரணத்தின் வாசல் வரை போய்த் திரும்பினார். அதன்பின் 1936-ல் அவர் இறகு அடைத்த கோட்டு செய்து விற்றார். அதுவும் உலர்ந்திருக்கும் வரைதான் பிரயோஜனம். நனைந்த இறகு, நனைந்த கோழியைப்போல் ஒடுங்கிவிடும். ஆகவே நடக்கும்போது குளிர் சற்று உறைக்கும்படி மெலிதாய் உடுத்தி நட. உட்காருமிடம் வந்ததும், குளிர் தெரிவதற்கு முன்பே, உள்சட்டையை மாற்றி இறகுக் கோட்டைப் போடு என்று எழுதினோம். "பனியில் சட்டையைக் கழற்றுவதா?" என்று தமக்கை பதறினாள். இரண்டு நிமிஷக் குளிர் நான்கு மணி நேரத்தைக் காப்பாற்றும் என்று கணக்குப் போட்டுக் காட்டினோம். கணக்கை அவள் நம்பவில்லை; நம்மை நம்பினாள்.

காற்றை வேறு கவனிக்க வேண்டும். ஸைப்பிள், பாஸல் என்ற இரு அமெரிக்கர்கள் அண்டார்டிகாவில் குப்பியில் நீரை வைத்து, காற்றில் அது எத்தனை நேரத்தில் உறைகிறது என்று அளந்தார்கள். அந்தச் சோதனையின் வழிவந்த இன்றைய கணக்குப்படி, பூஜ்யத்துக்குக் கீழ் இருபது டிகிரியில் மணிக்கு முப்பது கிலோமீட்டர் காற்று வீசினால், மூடாத சருமத்துக்கு அது முப்பத்துமூன்று டிகிரிக் குளிராகும். முகத்துக்குக் கம்பளித் துணி அவசியம்.

பிறகு காலணி. 1912-ல் மெயின் மாகாணத்து எல். எல். பீன் என்னும் வேடர், ரப்பர் அடியும் தோல் மேற்புறமும் சேர்த்து வேட்டைப் பூட்ஸ் செய்து நூறு ஜோடி விற்றார். தையல் விட்டுத் தொண்ணூறு ஜோடி திரும்பி வந்தது. எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி செய்தார். இன்றும் அந்த ஜாதிப் பூட்ஸ்தான் சதுப்புக்கு ஏற்றது. குளிருக்கு உள்ளே கழற்றக்கூடிய கம்பளி உறை வேண்டும். மேற்சட்டையில் மிச்சம் பிடித்த பணம் இதற்குப் போயிற்று.

வர்ணத்தைப் பற்றித் தமக்கை ஒரு நல்ல சந்தேகம் கேட்டாள். ஒன்டேரியோச் சட்டப்படி மூஸ், மான் முதலியவற்றைத் துப்பாக்கியால் வேட்டையாடும் பருவத்தில் இடுப்புக்கு மேலே குறைந்தது நானூறு சதுர அங்குலமும், தலையிலும், பளீரென்ற ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும். "அத்தனை பளபளப்பா இருந்தா மிருகம் ஓடிப்போயிராதா?" என்றாள். மான் இனத்தின் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் நமக்குத் தெரிவதுபோல் எரிந்து தெரிவதில்லை. மற்ற வேடனுடைய கண்ணுக்குத்தான் அது. மனிதனுக்கு மனிதனிடமிருந்து பாதுகாப்பு என்றதும், "அது எங்கேயும் வேண்டியதுதான்" என்று சொல்லி எழுந்து போனாள்.

கார்த்திகை பிறந்த வாரத்தில் பையன் காட்டுக்குப் போனான். நான்கு நாள் கைப்பேசி மௌனம். அந்த நான்கு நாளும் நாம் வகுப்பில் எதைப் போதித்தோமென்று மாணவர்களைத்தான் கேட்க வேண்டும். ஐந்தாம் நாள் இரவு குரல் வந்தது. பூஜ்யத்துக்குக் கீழ் பதினான்கு வரை இறங்கிற்றாம். ஏரிக்கரையில் முதல் நாளே சட்டை மாற்றியபோது சிநேகிதர் சிரித்தாராம், கிழவர் சிரிக்கவில்லை. மாலையில் உள்சட்டை உலர்ந்தே இருந்தது. மூஸ் ஒன்று அக்கரையில் வந்து, தண்ணீர் குடித்து, மெதுவாகத் திரும்பிப் போயிற்று, சுடும் தூரமில்லை. தமக்கை அந்தச் செய்தியை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

கால்விரல்கள் மட்டும் மரத்தன என்றான். விசாரித்ததில், குளிருக்குப் பயந்து மூன்று ஜோடிக் காலுறை போட்டிருக்கிறான்! பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது. அடுத்த வருஷத்துக்கு ஓர் அளவு பெரிய பூட்ஸும், ஒரே ஜோடிக் கனத்த கம்பளிக் காலுறையும், ஒவ்வோர் இரவும் உள்ளுறையைக் கழற்றி அடுப்பருகே உலர்த்தவும் எழுதியிருக்கிறோம்.