ஒரு சிட்டிகைப் பச்சை

ஸ்வீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி, டோர்னேட்ரஸ்க் ஏரிக்கு மேலே ஒரு சுண்ணாம்புப் பாறைச் சரிவு. ஜூலை முதல் வாரத்திலும் காற்றில் காது மரத்துப்போகும். அங்கே குப்புறப் படுத்து, கைலென்ஸைக் கண்ணோடு ஒட்டி, பாறை இடுக்கில் இருந்த பச்சையில் லிவர்வோர்ட் என்கிற, பாசிக்கு உறவான சிறு செடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பிளஸ் ஒன்னில் மார்கான்ஷியா படம் வரைந்தவர்களுக்கு லிவர்வோர்ட் என்றால் கவைகவையாகப் பிரியும் தட்டையான தகடுதான். ஆனால் இந்தக் கூட்டத்தில் பெரும்பான்மை தண்டும் இலையுமாகப் பாசி மாதிரியே இருக்கும். இலையில் நடுநரம்பு இருக்காது. அதுதான் முதல் துப்பு. துண்ட்ராவில் எல்லாம் பின்னிக் கிடக்கும். ஒரு சிட்டிகை கிள்ளினால் நாலு இனம் கையோடு வரும்.

நான் சொதப்பியது அதற்குப் பிறகு. பெரும்பாலான லிவர்வோர்ட் செல்களுக்குள் எண்ணெய்த் துளி போன்ற நுண்ணுறுப்புகள் உண்டு, பாசிகளில் கிடையாது. எத்தனை, என்ன வடிவம், என்ன நிறம் என்று பார்த்தே பல இனங்களைப் பிரித்துவிடலாம். செடி காய்ந்தால் அவையும் போய்விடும். நானோ காகிதப் பொட்டலத்தில் மடித்துப் பையில் போட்டு, மூன்று வாரம் கழித்து வீட்டில்தான் பிரித்தேன். மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு செல்லும் ஆள் காலிசெய்துவிட்டுப் போன வீடு.

மிச்சம் இலைதான். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் சுருக்கம் நீங்கி விரிந்தது. வட்ட இலை, பிளவில்லை. வடக்கே வட்ட இலைக்காரர்கள் பலர். அநேகமாக எல்லோருக்கும் இலைகள் மாறி மாறி அமையும். இதில் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக. ஊசிமுனையால் புரட்டினேன். ஒவ்வொரு ஜோடியும் தண்டின் முதுகுப்பக்கம் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. செல் மூலைகள் முக்கோணமாகத் தடித்திருந்தன. அர்னெல்லியா ஃபென்னிகா!

1876இல் சைபீரியாவின் யெனிசே ஆற்றுவழிப் பயணத்தில் பாசி திரட்டிய ஸ்வீடன்காரர் ஆர்னெலின் பெயர் முன்பாதியில், பின்பாதியில் பின்லாந்து. அபூர்வச் செடி என்கிறார்கள். எனக்கு அதில் அரை நம்பிக்கைதான். ஆர்க்டிக்கைச் சுற்றிச் சுண்ணாம்பு மண் உள்ள இடங்களில் இது சிதறிக் கிடக்கிறது, ஆல்ப்ஸிலும் உண்டு. குப்புறப் படுக்கிற ஆட்கள்தான் குறைவு.

பொட்டலத்தின்மேல் பெயர், தேதி, உயரம், பாறை வகை எல்லாம் எழுதினேன். எண்ணெய் உறுப்புகளுக்கு நேரே ‘பார்க்கவில்லை’ என்று எழுத வேண்டியதாயிற்று. நீங்கள் போனால் மைக்ராஸ்கோப்பைக் கூடவே கொண்டுபோங்கள். அன்று இரவே பார்த்துவிடுங்கள். வெளிச்சத்துக்குக் குறைவில்லை, அந்த வாரத்தில் அங்கே சூரியன் மறைவதே இல்லை.