அரை நாள் வேலை அல்ல

இன்னும் சில மாதங்களில் ஓய்வு பெறப் போகிறேன். பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் அனிமேஷன் பாடங்களை டெஸ்க்டாப் அப்ளிகேஷனாகக் கட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அண்மையில் ஒரு புதிய திட்டத்தின் கால அட்டவணையைப் பார்த்தேன். கதைப்பலகைக்கு வாரக் கணக்கில் ஒதுக்கியிருந்தார்கள், குரல் பதிவுக்கும் அப்படியே. ‘பேக்கேஜிங்’ என்ற வரிக்கு நேரே அரை நாள் என்று இருந்தது. கேட்டதற்கு, “ஒரே கமாண்டுதானே சார்?” என்றார் அட்டவணை போட்ட இளைஞர். அந்த ஒரு கமாண்டுக்கு முன்னால் எடுக்க வேண்டிய முடிவுகளை எழுதி வைத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

நான் வந்த காலத்தில் ஃபிளாஷ்தான். பப்ளிஷ் செட்டிங்ஸில் ப்ரொஜெக்டரை டிக் செய்தால் ப்ளேயரும் படமும் ஒரே எக்ஸ்இ கோப்பாகி வந்துவிடும். அதற்கு மேல் ஏதாவது வேண்டுமென்றால், உதாரணமாக மாணவனின் மதிப்பெண்ணை டிஸ்கில் எழுத வேண்டுமென்றால், ஸிங்க் அல்லது எஸ்டபிள்யூஎஃப் ஸ்டூடியோவில் சுற்றிக் கொடுப்போம். 2008இல் அடோபி ஏர் வந்தது. அதில் ரன்டைமைத் தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டியிருந்தது. ரன்டைமை அப்ளிகேஷனோடு சேர்த்தே கொடுக்கும் வசதி 2011இல் ஏர் 3 வந்த பிறகுதான் கிடைத்தது. 2020 டிசம்பர் 31ஆம் தேதி அடோபி ஃபிளாஷைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் ப்ரவுசர் ப்ளேயர் எந்தப் படத்தையும் ஓட்ட மறுத்தது. ப்ரவுசரை நம்பிச் செய்த பாடங்கள் அன்றோடு நின்றன. ப்ரொஜெக்டராகக் கட்டிக் கொடுத்தவை இன்றும் விண்டோஸில் இரண்டு கிளிக்கில் ஓடுகின்றன. தன் எஞ்சினைத் தானே சுமந்து போன படம் பிழைத்தது. டூல் தேர்வைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு வரியிலிருந்து வந்ததுதான்.

இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாகப் பேருந்தில் வந்து போன ஒரு மூத்தவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். டைரக்டரில் லிங்கோ எழுதிக் குறுந்தகடு போட்ட தலைமுறை. எந்த பில்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் முதலில் நெட் கேபிளைப் பிடுங்குவார். அலுவலகத்தில் இருப்பதிலேயே பழைய கம்ப்யூட்டரில் போடுவார். அட்மின் அல்லாத கணக்கில் நுழைவார். பெயரில் தமிழ் எழுத்தும் இடைவெளியும் ஹேஷ் குறியும் உள்ள ஒரு ஃபோல்டருக்குள் வைத்துத் திறப்பார். அந்த ஹேஷ் குறி பலரை அழ வைத்திருக்கிறது. கோப்பின் பாதையை அப்படியே யூஆர்எல்லாக ஒட்டியிருந்தால் ஹேஷுக்குப் பிறகு உள்ளது அறுந்துபோகும், படம் ஒன்றுகூட வராது. பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஃபோல்டருக்கு என்ன பெயர் வைப்பார் என்று நமக்கு எப்படித் தெரியும்? “நம்ம மேஜையில ஓடுறது ஓட்டமே இல்ல தம்பி” என்பார்.

அவர் விடாப்பிடியாக நின்ற விஷயம் குரலும் படமும் பிரியாமல் போவது. ‘இதயத்தின் வலது கீழறை’ என்று குரல் சொல்லும்போது வலது கீழறைதான் ஒளிர வேண்டும். அரை நொடி தள்ளி ஒளிர்ந்தால் பிள்ளை தவறாகப் படித்துவிடும். ஃபிளாஷில் ஒலியை ‘ஸ்ட்ரீம்’ என்று வைத்தால் போதும். மெஷின் மெதுவாக இருந்தால் ஃபிளாஷ் சில ஃபிரேம்களை விட்டுவிட்டுக் குரலைப் பிடித்துக்கொள்ளும். அங்கே குரல்தான் எஜமானன்.

ஃபிளாஷ் போன பிறகு வந்த வெப் அனிமேஷனில் அந்த ஏற்பாட்டை நாமேதான் செய்ய வேண்டும். அதில் படத்தை நகர்த்தும் ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம் மானிட்டரின் வேகத்தில் ஓடுவது. ஃபிரேமை எண்ணி எழுதிய அனிமேஷன் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு வேகத்திலும், 144 ஹெர்ட்ஸ் திரையில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்திலும் ஓடும். விண்டோவை மினிமைஸ் செய்தால் குரல் பேசிக்கொண்டே இருக்கும், படம் நின்றுவிடும். திரும்பத் திறக்கும்போது குரல் நுரையீரலுக்குப் போயிருக்கும், படம் இதயத்திலேயே கிடக்கும். எலெக்ட்ரான் என்ற டூலில் பேக்கிரவுண்ட் த்ராட்லிங்கை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அது நோயை மறைக்கும் மாத்திரை. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஆடியோவின் கரன்ட் டைமைக் கேட்டு, டைம்லைனை அந்த இடத்துக்கு ‘சீக்’ செய்வதுதான் முறையான வழி. ஜிசாப், லாட்டி என்ற அனிமேஷன் லைப்ரரிகள் இரண்டிலும் இதைச் செய்யலாம். சில வரிகள்தான். அந்தச் சில வரிகள் இல்லாத பாடங்களைத்தான் இன்று அதிகம் பார்க்கிறேன்.

இனி, வெப் அனிமேஷனை டெஸ்க்டாப் அப்ளிகேஷனாகச் சுற்றிக் கொடுக்கும் டூல். 2011இல் தொடங்கிய நோட்-வெப்கிட் இன்று என்டபிள்யூ.ஜேஎஸ். 2013இல் கிட்ஹப் ஆரம்பித்த ஆட்டம் ஷெல் 2015இல் எலெக்ட்ரான் ஆனது. இரண்டும் குரோமியம் என்ற ப்ரவுசர் எஞ்சினைக் கூடவே தூக்கிக்கொண்டு போகின்றன. 2022 ஜூனில் 1.0 வந்த டௌரி அப்படியல்ல. மெஷினில் ஏற்கெனவே இருக்கும் வெப்வியூவையே பயன்படுத்திக்கொள்ளும். இன்ஸ்டாலர் சில எம்பிதான், நினைவகமும் குறைவாகவே எடுக்கும். இளைஞர்கள் இந்த எண்ணைத்தான் எல்லாக் கூட்டத்திலும் நீட்டுகிறார்கள்.

வெப்வியூ என்றால் எது? விண்டோஸில் வெப்வியூ2, மேக்கில் டபிள்யூகேவெப்வியூ, லினக்ஸில் வெப்கிட்ஜிடிகே. ஒரே அனிமேஷனை மூன்றும் மூன்று விதமாக வரையக்கூடும். பின்னணி இல்லாமல் ஆசிரியர் உருவம் மட்டும் நடந்து வரும் வெப்எம் வீடியோ குரோமியத்தில் அழகாக வரும். மேக்கின் வெப்வியூவில் அந்த உருவத்தைச் சுற்றிக் கறுப்புப் பெட்டி நிற்கும். விண்டோஸ் 11இல் வெப்வியூ2 கூடவே வருகிறது. இல்லாத மெஷினில் டௌரியின் இன்ஸ்டாலர் அதை இணையத்திலிருந்து இறக்கும். இணையம் இல்லாத பள்ளிக்கு என்ன செய்வது? ஆஃப்லைன் இன்ஸ்டாலரைச் சேர்த்தால் சுமார் 127 எம்பி கூடும். வெர்ஷன் மாறாமல் நிலைக்க வேண்டும் என்று ரன்டைமையே உள்ளே வைத்தால் சுமார் 180 எம்பி. டௌரியின் ஆவணமே சொல்லும் கணக்கு இது. சில எம்பி என்ற பெருமை அங்கே முடிந்துவிடுகிறது.

2011 முதல் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு வந்த விலையில்லா மடிக்கணினிகளை நினைத்துப் பாருங்கள். தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸ் 7, பக்கத்திலேயே பாஸ் லினக்ஸ். அப்படிப்பட்ட மெஷின் ஒன்று எங்கோ ஒரு பள்ளியில் இன்னும் ஓடினால், எலெக்ட்ரான் 22க்கு மேல் அதில் ஏறாது. வெப்வியூ2வும் 109ஆம் வெர்ஷனோடு அங்கே நின்றுவிட்டது. வாடிக்கையாளரின் மெஷின் எது என்று கேட்காமல் டூலைத் தேர்ந்தெடுப்பது அளவெடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி.

தமிழ்ப் பாடம் என்றால் வேலை இன்னும் கூடும். ப்ளேயர் 10 வரும்வரை ஃபிளாஷ் யுனிகோட் தமிழை ஒழுங்காகக் கோக்காது. ‘கொ’வின் கொம்பு தப்பான இடத்தில் போய் நிற்கும். அதனால் டாம், டாப் எழுத்துருவில் அடித்து, பிரேக் அபார்ட் செய்து, வெறும் கோடுகளாக்கி வைத்தோம். இன்று குரோமியம் தமிழைச் சரியாகவே கோக்கிறது. ஆனால் தலைப்பை எழுத்து எழுத்தாகப் பறக்க விட வேண்டும் என்று சரத்தைக் குருட்டுத்தனமாகப் பிரித்தால் ‘கொ’ என்பது ‘க’ தனி, கொம்பும் காலும் தனி என்று ஆகிவிடும். ஜாவாஸ்கிரிப்டின் இன்ட்ல் செக்மென்டர் அதைக் காப்பாற்றும். அதுவும் ‘க்ஷ’வை ‘க்’, ‘ஷ’ என்று இரண்டாகத்தான் வெட்டும். அதற்குத் தனியாக ஒரு விதி எழுத வேண்டும். எழுத்துருவையும் பில்டுக்குள்ளேயே வைக்க வேண்டும். எல்லா மெஷினிலும் நிர்மலா யூஐ இருக்கும் என்று நம்பக்கூடாது. தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் ‘எல்லாம் ஓகே’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய பில்டுகளை நான் பார்த்திருக்கிறேன். நினைத்தாலே கோபம் வருகிறது.

எங்கள் எலெக்ட்ரானிக் சிட்டியின் நீலாத்ரி ரோடு முழுக்க இன்று திறமையான பிள்ளைகள். நான் ஒரு மாதம் மல்லுக்கட்டியதை ஒரு மதியத்தில் முடிப்பார்கள். அவர்களுக்குப் பொறுமையைச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. விண்டோ திறந்ததும் வெள்ளையாக ஒரு மின்னல் அடித்துவிட்டுப் படம் வருகிறது. முதல் ஃபிரேம் தயாராகும்வரை விண்டோவை மறைத்து வைக்க எலெக்ட்ரானில் ஷோ ஃபால்ஸ், ரெடி-டு-ஷோ என்று இரண்டே வரி இருக்கிறது, போடுவதில்லை. நோட் இன்டக்ரேஷனைத் திறந்தே விட்டு அனுப்புகிறார்கள். கையெழுத்துச் சான்றிதழ் வாங்காமல், ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரித்தால் ‘ரன் எனிவே’ அழுத்துங்கள் என்று ஆசிரியர்களுக்கு விளக்கப்படம் அனுப்புகிறார்கள். பாதுகாப்பு எச்சரிக்கையை மதிக்க வேண்டாம் என்று பள்ளிக்கே பாடம் எடுப்பதுதான் இது.

என் தீர்ப்பு இதுதான். மெஷின்கள் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்து, எல்லாமே புதிய விண்டோஸாக இருந்தால் டௌரியைத் தாராளமாக எடுங்கள். எங்கே போகும், எதில் ஓடும் என்று தெரியாத பாடமாக இருந்தால் எஞ்சினைக் கூடவே அனுப்புங்கள். எலெக்ட்ரானோ என்டபிள்யூ.ஜேஎஸ்ஸோ, பருமனைப் பற்றி வெட்கப்பட வேண்டாம். ஒரு தடவை பென் டிரைவில் போவதற்கு 150 எம்பி பெரிய பாரம் இல்லை. எதை எடுத்தாலும், அட்டவணையில் அந்த வரிக்கு அரை நாளை அடித்துவிட்டு ஒரு வாரம் என்று எழுதுங்கள். அதில் ஒரு நாள் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, கிடைப்பதிலேயே பழைய கம்ப்யூட்டரின் முன்னால் உட்காருங்கள்.