மலபார்ப் பாறைகளில் தூண்டில்

ஆஸ்திரேலியாவின் சிட்னி மாநகரையொட்டித் தென்கிழக்குக் கடலோரத்தில் ஒரு சிற்றூர் உண்டு, பெயர் மலபார். நம் மேற்குக் கரையின் பெயர் அங்கே எவ்வாறு குடியேறிற்று என வாசக அன்பர்கள் வியக்கக்கூடும். 1931-ஆம் ஆண்டு ஏப்ரலில், மூடுபனியில் அவ்வூர்ப் பாறைகளில் மோதி உடைந்த 'மலபார்' என்னும் கப்பலே அப்பெயரை விட்டுச் சென்றது. கப்பலில் இருந்தோர் அனைவரும் பிழைத்தனர். அதே பாறைகளில் தூண்டிலிட நிற்போர் அனைவரும் அவ்வாறு பிழைப்பதில்லை.

அக்கரை மணற்பாறையால் ஆனது. செங்குத்தான பாறைச் சுவரின் அடியை அலைகள் அரித்து அரித்து, நம் வீட்டுத் திண்ணையைப் போன்ற அகன்ற தளங்களைச் செதுக்கியுள்ளன. திண்ணையின் விளிம்பிலேயே ஆழக்கடல் தொடங்குகிறது. எனவே படகில்லாதவரும் அங்கே நின்று நல்ல மீன் பிடிக்கலாம். பச்சைக் கடற்பாசியைத் தூண்டிலில் கோத்து 'லுடெரிக்' என்னும் மீனைப் பிடிக்கும் பொறுமைசாலிகளைக் கண்டேன். இரண்டு மணி நேரத்தில் ஒரே மீன். அதற்கே அவர்கள் முகத்தில் அத்தனை மகிழ்ச்சி!

ஜூன் முதல் ஆகஸ்டு வரை அங்கே குளிர்காலம். தென்காற்றும் அலைத் துளியும் சேர்ந்து எலும்பை உலுக்கும். நனைந்த பருத்தியாடை உடற்சூட்டை விரைவில் பறித்துவிடும். ஆகவே உள்ளே கம்பளியும் வெளியே நீர்புகா அங்கியும் அணிகிறார்கள். 1877-இல் நார்வே நாட்டு மாலுமி ஹெல்லி ஹான்சன் துணியில் ஆளிவிதை எண்ணெய் ஊட்டி இத்தகைய அங்கிகளைச் செய்து விற்கத் தொடங்கினார். இன்றைய அங்கிகளோ எடை குறைந்தவை. மழையை உள்ளே விடாமல் வியர்வையின் ஆவியை மட்டும் வெளியேற்றுபவையும் உண்டு.

ஆனால் இவ்வங்கி மனிதனை நனையாமல் காக்குமேயன்றி மூழ்காமல் காக்காது. நனையவில்லை என்ற துணிவே ஒருவனை விளிம்புக்கு இன்னும் இரண்டடி அழைத்துச் செல்கிறது என்பது என் கருத்து. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்சில் நீர் நிறைந்துவிட்டால் நீந்துவது கடினம்; பாறைமீது ஏறுவது அதனினும் கடினம். ஆதலின் அனுபவசாலிகள் வழுக்காத அடிப்பாகமுள்ள இலேசான காலணியையே விரும்புகின்றனர். கரும்பாசி படர்ந்த பாறையில் அவர்கள் காலே வைப்பதில்லை.

அங்கே நான் சந்தித்த முதியவர் ஒருவர், வந்தவுடன் தூண்டிலை எடுக்கவில்லை. மேட்டில் அமர்ந்து அரைமணி நேரம் கடலையே பார்த்தார். அவர் நிற்க எண்ணிய இடம் ஈரமாயிருந்தது. மழை இல்லாத நாளில் பாறை நனைந்திருந்தால் அலை அங்கே வந்து போயிருக்கிறது என்றுதானே பொருள்! அவர் வேறிடம் தேடிச் சென்றார்.

வானம் தெளிந்திருக்கும்போதே, தொலைதூரப் புயலில் பிறந்த பேரலை வந்து சேரும். நம் குமரிக் கரையார் 'கள்ளக்கடல்' என்பதும் இத்தகையதே. தென்துருவக் கடலில் எழுந்து, காற்றில்லாத நாளிலும் கரையேறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகே பயிற்சி மருத்துவர் ஐவரைக் கொண்டுபோனதும் அதுவே.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2016-இல் ஒரு சட்டம் இயற்றிற்று. அதன்படி, குறிப்பிட்ட கரைகளில் பாறைமீது மீன் பிடிப்போர் மிதவை அங்கி அணிதல் கட்டாயம். மலபாரை உள்ளடக்கிய ராண்ட்விக் பகுதியில்தான் அது முதலில் நடைமுறைக்கு வந்தது. நீர்புகா அங்கியின்மேல் இதையும் அணிந்தால் கைவீசத் தடையாயிருக்கிறது எனச் சிலர் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது.

பாறையோரக் கம்பங்களில் வட்ட மிதவைகள் தொங்குகின்றன. அவற்றை அங்குள்ளோர் 'ஏஞ்சல் ரிங்' என்கின்றனர். நம் பாட்டிமார் வழக்கில் சொன்னால், 'சம்மனசு வளையம்'! ஒருவர் விழுந்தால் மற்றவர் பின்னால் குதிக்கலாகாது. வளையத்தை எறிந்துவிட்டு உதவிக்கு ஆளழைக்க வேண்டும். விழுந்தவரும் பாறையைப் பற்ற முயன்றால் அடுத்த அலை அவரை அதன்மேல் மோதும். அவர் கரைக்கு எதிர்த்திசையில், நுரை அடங்கிய நீருக்கு நீந்திச் சென்று மிதந்தபடி காத்திருக்க வேண்டும்.