காய்ப்புழுவின் உணவில் வைட்டமின் சி

இந்தியாவில் பச்சைக் காய்ப்புழுவை ஆய்வகத்தில் வளர்ப்பவர்கள் அதற்குக் கொடுக்கும் உணவின் பொருள்பட்டியல் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கொண்டைக்கடலை மாவு, ஈஸ்ட், அகர் அகர், பூஞ்சணம் பிடிக்காமலிருக்க மீத்தைல் பாராபென், சோர்பிக் அமிலம், சிறிது ஃபார்மலின், ஆன்டிபயாடிக், பி வைட்டமின்கள். இவற்றோடு அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி. கடலை மாவு எதற்கு என்று கேட்கவே வேண்டாம். கடலைச் செடியின் காயைத் துளைப்பதே அந்தப் புழுவின் வேலை. அகர் அகர் ஈரத்தைப் பிடித்து உணவைக் கட்டியாக்குகிறது. வைட்டமின் சி மட்டும் ஏன் தனியாக, மில்லிகிராமில் அல்லாமல் கிராம் கணக்கில் போகிறது? அகர் அகர் கரைசல் நன்றாக ஆறிய பிறகே அதைச் சேர்க்க வேண்டும் என்று செய்முறைக் குறிப்புகள் வற்புறுத்துவது ஏன்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பழைய ஆய்வுரைகளில் பின்னோக்கிப் போனேன். பூச்சிகளைக் கூட்டம் கூட்டமாக வளர்க்க வேண்டிய தேவையிலிருந்துதான் செயற்கை உணவு பிறந்தது என்பது பரவலான எண்ணம். அந்தத் தேவை இருந்தது உண்மை. ஆனால் வழியைத் திறந்தது வேறு ஒரு கேள்வி என்று இந்தத் தேடலின் முடிவில் நம்புகிறேன்: உயிருள்ள இலையில் இருப்பதும் உலர்ந்த தானியத்தில் இல்லாததுமான பொருள் எது?

அந்தக் கேள்வி எழவே நெடுநாள் ஆயிற்று. 1908-லேயே போக்டானோவ் ஈப்புழுக்களைச் செயற்கை உணவில் வளர்த்துக் காட்டியிருந்தார். ஆனால் அவை இறைச்சியில் வளரும் புழுக்கள். 1940-களில் லண்டனில் ஃபிராங்கலும் பிளூவெட்டும் மாவு வண்டு போன்ற சேமிப்புத் தானியப் பூச்சிகளின் உணவை ஒவ்வொரு சத்தாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். பி வைட்டமின்கள் வேண்டும், ஸ்டெரால் வேண்டும் என்பது தெளிந்தது. வைட்டமின் சி இல்லாமலேயே அந்தப் பூச்சிகள் செழித்தன. மனிதனுக்கும் கினி பன்றிக்கும் அது கட்டாயம் வேண்டும், பூச்சிக்குத் தேவையில்லை என்ற நம்பிக்கை அங்கே வேர்விட்டது. நம்பிக்கைக்கு ஆதாரம் இருந்தது. ஆனால் அத்தனையும் மூட்டைக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழும் பூச்சிகளிடமிருந்து வந்தது. பசுந்தாவரம் தின்னும் புழுவை அதுவரை யாரும் அந்த அளவுக்கு நெருக்கிக் கேட்டிருக்கவில்லை.

முதலில் கேள்விக்குள்ளானது மக்காச்சோளத் தண்டைத் துளைக்கும் ஐரோப்பியத் துளைப்பான். 1942-ல் அமெரிக்காவில் பாட்கர் அதற்குச் செயற்கை உணவு தயாரித்தார். செடி தின்னும் பூச்சி ஒன்றுக்கு அப்படி அமைந்த முதல் உணவுகளில் அது ஒன்று. 1949-ல் விஸ்கான்சினில் ஸ்டான்லி பெக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் இன்னும் தூய்மையான உணவு ஒன்றை வெளியிட்டார்கள். பால் புரதமான கேசீன், சர்க்கரை, உப்புகள், ஸ்டெரால், ஈஸ்ட் என்று அப்போது தெரிந்த எல்லாச் சத்துகளும் அதில் இருந்தன. அவை மட்டும் போதவில்லை. மக்காச்சோள இலையிலிருந்து ஏதோ ஒன்று சேர வேண்டியிருந்தது. அதில்லாமல் புழு சரியாக வளரவில்லை. அதற்கு ‘மக்காச்சோள இலைக் காரணி’ என்று பெயரிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தெரியாத ஒன்றுக்குப் பெயர் கொடுத்து, அதை மறைக்காமல் உணவுப் பட்டியலிலேயே எழுதி வைத்த நேர்மை, அடுத்து வந்தவர்களுக்குத் தேட வேண்டிய இடத்தைக் காட்டியது. அந்தக் காரணி வைட்டமின் சி-தான் என்று சிப்பன்டேலும் பெக்கும் 1964-ல் நிறுவினார்கள். இடையில் பதினைந்து ஆண்டுகள்.

இவ்வளவு காலம் ஏன் பிடித்தது? பூச்சிக்கு வைட்டமின் சி வேண்டாம் என்ற பழைய முடிவு ஒரு காரணம். அந்தப் பொருளின் இயல்பு இன்னொரு காரணம். சூட்டிலும் காற்றுப் பட்டும் அது சீக்கிரம் சிதைந்துவிடும். ஈரமான உணவில் நாளுக்கு நாள் குறையும். வைட்டமின் என்று எண்ணிச் சொற்ப அளவில் போட்டால் அது உணவில் இருந்தும் இல்லாததுபோலத்தான். ஆறிய பிறகு சேர்க்கச் சொல்வதற்கும் கிராம் கணக்கில் போடுவதற்கும் விளக்கம் இங்கேதான் கிடைக்கிறது. இதற்கிடையில் வேறு திசைகளிலிருந்தும் சான்று வந்தது. 1957-ல் டாட் பாலைவன வெட்டுக்கிளிக்கு வைட்டமின் சி தேவை என்று காட்டினார். 1962-ல் டெக்சாஸில் எர்மா வாண்டர்சாண்டும் உடன் உழைத்தவர்களும் பருத்தியைத் தாக்கும் மூன்று பூச்சிகளில் அதையே கண்டார்கள்: காய் வண்டு, காய்ப்புழு, உப்புச் சதுப்புக் கம்பளிப்புழு. வண்டு, புழு, வெட்டுக்கிளி என்று உறவில் தூரமான உயிர்கள் ஒரே பதிலைத் தருகின்றன. அவற்றுக்குப் பொதுவானது, எல்லாமே உயிருள்ள பச்சைத் திசுவைத் தின்பவை என்பதுதான். செடியின் பசுமையில் வைட்டமின் சி தாராளம். அதைத் தின்றே வாழும் பூச்சிக்கு அதைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டிய நெருக்கடி இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இன்று ஆய்வகங்களில் பரவியிருக்கும் உணவு தூய வேதிப்பொருள்களால் ஆனதல்ல. கோதுமை முளையும் பயறும் கடலை மாவும்தான். வாண்டர்சாண்ட் குழுவே தூய கலவையோடு நிற்காமல், 1960-ல் அட்கிசனோடு சேர்ந்து இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்குக் கோதுமை முளை உணவை அமைத்தது. 1965-ல் ஷோரியும் ஹேலும் பின்டோ பயற்றை அரைத்து, ஒரே எளிய உணவில் நாக்டுயிட் குடும்பத்து அந்துப்பூச்சிகளில் ஒன்பது வகைகளை வளர்த்தார்கள். அப்படியென்றால் சத்தாராய்ச்சி ஓர் ஓரக்கதைதான், உண்மையில் வென்றது மலிவான பயறு என்று சொல்லலாம் அல்லவா? மலிவும் எளிமையும் இல்லாமல் இது பரவியிருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஷோரி–ஹேல் பட்டியலைப் பாருங்கள்: பயறு, ஈஸ்ட், பூஞ்சணத் தடுப்பான்கள், அகர் அகர், கூடவே அஸ்கார்பிக் அமிலம். உலர்ந்த பயற்றையும் முளையையும் இலை தின்னும் புழுவுக்குப் போதிய உணவாக்கியது அந்த ஒரு சேர்க்கை. அது ஏன் வேண்டும் என்று தெரியாமல் யாரும் பயற்றோடு சேர்த்திருக்க மாட்டார்கள். இலையை உணவிலிருந்து முழுவதும் நீக்க முடிந்தது, இலை கொடுத்தது எது என்று தெரிந்த பிறகுதான்.

இன்னொரு மறுப்பு பட்டுப்புழுவிடமிருந்து வருகிறது. சத்து முழுமையாக இருந்தும் அது மல்பெரி இல்லாத உணவைத் தொடாது. அப்படியானால் செடியோடு பூச்சியைக் கட்டிப்போடுவது சத்து அல்லவே? சரிதான், இந்த இடத்தில் என் வாதத்துக்கு ஒரு எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும். ஜப்பானில் ஹமாமுரா மல்பெரி இலையின் பொருள்களைப் பிரித்துப் புழுவை ஈர்க்கும் மணங்கள், கடிக்கத் தூண்டுபவை, விழுங்கத் தூண்டுபவை என்று தனித்தனியே அடையாளம் கண்டார். எந்தச் செடியைத் தேர்வது என்பதைப் பெருமளவு மணமும் சுவையும் தீர்மானிக்கின்றன. தேர்ந்ததைத் தின்று அந்துப்பூச்சியாவது சத்தின் கையில் இருக்கிறது. பலவகைச் செடிகளைத் தின்று பழகிய காய்ப்புழுவிடம் முதல் தடை சிறியது, அதனால் இரண்டாவது தடையே முழுப் பிரச்சினையாகத் தெரிந்தது. பட்டுப்புழுவிடம் இரண்டையும் தாண்ட வேண்டியிருந்தது. வைட்டமின் சி பட்டுப்புழு உணவிலும் இடம்பெறுகிறது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இத்தனை நுணுக்கமும் உழவருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. சத்து ஒவ்வொன்றும் அறிந்து அமைத்த உணவில் சந்தேகப்படும் பொருள் ஒன்றை மட்டும் கலந்து, புழுவின் வளர்ச்சியைப் பார்க்க முடியும். எதிர்ப்புத் திறனுள்ள மக்காச்சோளத்தில் துளைப்பானைத் தடுக்கும் வேதிப்பொருள்களை பெக்கின் குழு இப்படித்தான் தேடியது. இன்றைக்குப் பி.டி. பருத்தியின் நச்சுப் புரதத்தை உணவில் படிப்படியான செறிவில் கலந்து, வயலில் பிடித்த புழுக்களின் சந்ததி எந்த அளவில் மடிகிறது என்று கணக்கிடுகிறார்கள். குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறைப் பி.டி. பருத்தியை வென்றுவிட்டது என்பதை 2010-ல் உலகம் அறிந்ததற்குப் பின்னால் இத்தகைய சோதனைகள் இருந்தன. காய்ப்புழுவைக் கொல்லப் பயறு வயல்களில் தெளிக்கும் என்.பி.வி. வைரஸ் கரைசலும் உயிருள்ள புழுவின் உடலில்தான் பெருகுகிறது. ஒன்றையொன்று தின்னும் காய்ப்புழுக்களை ஆளுக்கொரு குப்பியில் போட்டு, இதே உணவில் வளர்த்துத்தான் அதை எடுக்கிறார்கள். அமெரிக்காவில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் வளர்ப்பகத்தில் உணவிலேயே சிவப்புச் சாயம் கலந்தார்கள். அதைத் தின்று வளர்ந்த அந்துப்பூச்சியின் உடலுக்குள் சாயம் தங்கும். அதனால் பொறியில் சிக்கியது விடுவித்த மலட்டுப்பூச்சியா, வயலில் பிறந்ததா என்று நசுக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம். பி.டி. பருத்தியோடும் மற்ற முறைகளோடும் சேர்ந்து நடந்த அந்த முயற்சியின் முடிவில், அமெரிக்காவின் பருத்தி விளையும் பகுதிகள் அனைத்திலிருந்தும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிந்தது என்று 2018-ல் அறிவித்தார்கள்.

ஆய்வகப் புழு வயல் புழு அல்ல என்ற எச்சரிக்கைக்கு மட்டும் நான் முழுதாக வளைந்துகொடுக்கிறேன். பல தலைமுறை அகர் அகர் கட்டியிலேயே வளரும் கூட்டத்தில் அந்த உணவில் நன்றாக வாழ்பவையே மிஞ்சும். பறக்கும் வலு, இணை தேடும் ஆற்றல், மருந்தைத் தாங்கும் திறன் ஆகியவற்றுக்கு அங்கே சோதனை இல்லை. வயலிலிருந்து புதிய புழுக்களை அவ்வப்போது கொண்டுவந்து சேர்ப்பதும், எதிர்ப்புத் திறனை அளக்கும்போது வயல் கூட்டத்தின் ஒன்றிரண்டு தலைமுறைக்குள் முடித்துக்கொள்வதும் இதனால்தான். 2018-ல் கர்நாடகத்தில் தென்பட்ட படைப்புழு தமிழ்நாட்டு மக்காச்சோள வயல்களுக்கும் வந்து சேர்ந்தபோது, அதை ஆய்வகத்தில் வளர்க்க யாரும் அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை. காய்ப்புழுவுக்கும் வெட்டுப்புழுவுக்கும் பழகிய பட்டியல் கையில் இருந்தது. மாவின் வகையையும் அளவையும் மாற்றிப் பார்த்தார்கள். அகர் அகர் ஆறும்வரை காத்திருந்து வைட்டமின் சி-யைச் சேர்க்கும் முறை அதிலும் அப்படியே தொடர்கிறது.