பளபளப்பைத் தேடி... ஜி.பி. ரோட்டில் ஒரு சனிக்கிழமை!

சென்னை ஜி.பி. ரோட்டுக்குள் ஒரு கார் நுழைந்தால் போதும், ஓட்டுபவர் பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்பே நாலு பேர் கை காட்டிவிடுவார்கள். “சார், சீட் கவரா? ஃப்ளோர் மேட்டா? இப்படி ஓரம் கட்டுங்க சார்!”

அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகும் இந்தத் தெருவின் முழுப் பெயர் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கம்பெனி காலத்து ராணுவத் தளபதி ஒருவரின் பெயர் இது. ஆனால், சென்னையில் கார் வைத்திருப்பவர்களுக்கு இது எப்போதும் ஜி.பி. ரோடுதான். எல்.ஐ.சி. மெட்ரோவில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். புது ரெக்சின் வாசனையும், ஹாரன் சோதித்துப் பார்க்கும் சத்தமும் வரவேற்கும். கடை வாசலில் தொங்கும் ஸ்டீயரிங் கவர்கள், அடுக்கி வைத்த அலாய் வீல்கள், நடைபாதை ஓரமாகவே காரின் கதவைத் திறந்துபோட்டு ஸ்பீக்கர் மாட்டும் பையன்கள் என்று தெரு முழுக்கவே ஒரு பெரிய ஒர்க் ஷாப் மாதிரி இருக்கும்.

இந்த வட்டாரத்துக்கும் வண்டிகளுக்கும் உள்ள உறவு பழையது. 1840-ல் குதிரை வண்டி கட்டுவதில் ஆரம்பித்து, பிறகு மோட்டார் வண்டிகளுக்கு வந்த சிம்சன் நிறுவனம் இருப்பது இதே அண்ணா சாலையில்தான். கூவத்துக்கு அந்தப் பக்கம் புதுப்பேட்டை. அங்கே பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்பார்கள். இந்தப் பக்கம் ஜி.பி. ரோடு. இங்கே ஓடும் வண்டிக்கு அலங்காரம் நடக்கும்.

அந்தச் சனிக்கிழமை, பெரம்பூரிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளுக்கு சிறுசேரியில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்பது வருடங்களாகத் தான் ஓட்டிய அடர்நீலக் காரை மகளுக்குக் கொடுப்பது என்று அப்பா முடிவு செய்திருந்தார்.

அங்கேதான் சிக்கல் வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில் புதிதாக எல்.இ.டி. விளக்கு போட்டார்கள். அந்த வெளிச்சத்தில் பானெட்டைப் பார்த்த மகளுக்குப் பகீரென்றது. விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். கதவில், டிக்கியில், எங்கே பார்த்தாலும் அதேதான். தெருமுனை மெக்கானிக் பார்த்துவிட்டு, “பெயின்ட் போயிடுச்சு சார். மொத்தமா புதுசா அடிச்சிடலாம்” என்றார். பிஎஃப் பணத்தில் கொஞ்சம் எடுத்து அதையும் செய்துவிட அப்பா தயாராக இருந்தார். “ஒரு தடவை ஜி.பி. ரோட்டுல கேட்டுட்டு முடிவு பண்ணலாம்ப்பா” என்றாள் மகள்.

‘வண்டிய யாரு துடைக்கிறது?’

அவர்கள் போனது பாலிஷ், வேக்ஸ், ஷாம்பு மட்டுமே விற்கும் ஒரு சின்னக் கடை. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். வெளியே வந்து செல்போன் டார்ச்சை பானெட்டின் மேல் பிடித்தார். விரல் நகத்தை மெதுவாகக் கீறல்களின் குறுக்கே ஓட்டினார். நகம் எங்கும் தட்டவில்லை. டிரைவர் பக்கக் கதவில் ஓர் இடத்தில் மட்டும் தட்டியது.

“பெயின்ட் அடிக்கவே வேணாம் சார். இந்தக் கதவுல இருக்கிறது மட்டும்தான் ஆழம். மத்ததெல்லாம் மேல் தோல்ல விழுந்த கோடு. வண்டிய யாரு துடைக்கிறது?”

“நான்தான்” என்றார் அப்பா, கொஞ்சம் பெருமையோடு. “ஒன்பது வருஷமா, ஒரு நாள் விட்டதில்ல.”

“தண்ணி ஊத்தியா சார், சும்மாவா?”

“சும்மாதான். தண்ணிக்கு எங்க போறது? 2019-ல லாரித் தண்ணிக்கு ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தோம். அப்போ கார் கழுவுறேன்னு சொன்னா அக்கம்பக்கத்துல அடிக்க வந்திருப்பாங்க.”

கடைக்காரர் சிரித்தார். “தப்பா நினைக்காதீங்க சார். இந்தக் கோடெல்லாம் நீங்க போட்டதுதான்.”

அப்பா ஒன்றும் பேசவில்லை. கையை பானெட்டின் மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

எவர்சில்வர் தட்டு சொல்லும் பாடம்

அவர் சொன்னதில் தவறில்லை. ராத்திரி படியும் தூசியில் நுண்ணிய மணல் துகள்களும் இருக்கும். காய்ந்த துணியால் துடைக்கும்போது துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் அந்தத் துகள்கள், உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஒரு நாளில் தெரியாது. ஒன்பது வருடத்தில் நன்றாகத் தெரியும்.

கீறல்கள் ஏன் வட்டமாகத் தெரிகின்றன? வட்டமாகத் துடைத்ததால் மட்டும் அல்ல. நாரால் தேய்த்த பழைய எவர்சில்வர் தட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சப் புள்ளியைச் சுற்றி வளையங்கள் தெரியும். தட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் வளையங்களும் கூடவே நகரும். கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் இருக்கின்றன. எவையெல்லாம் வெளிச்சத்துக்குக் குறுக்கே அமைகின்றனவோ, அவை மட்டும் கண்ணில் மின்னுகின்றன. அடர்நீலம், கறுப்பு வண்டிகளில் இது பளிச்செனத் தெரியும். வெள்ளை வண்டியிலும் இருக்கும். கண்ணுக்குச் சட்டெனப் படாது.

இந்தக் கீறல்கள் இருப்பது நிறத்தின் மேல் அல்ல, அதற்கும் மேலே அடித்திருக்கும் நிறமற்ற கிளியர் கோட்டில். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இப்போதைய கார்களில் தொழிற்சாலையில் அடிக்கும் மொத்தப் பெயின்ட் பூச்சே பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40 மைக்ரானை ஒட்டி இருக்கும். அதாவது ஒரு தலைமுடியைவிட மெல்லிய கவசம். வெயிலில் நிறம் வெளுக்காமல் காப்பதும் அதுதான்.

பாலிஷ் போடுவது என்றால் கீறலை நிரப்புவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில், கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்துச் சமமாக்குகிறோம். ஒவ்வொரு முறையும் ஓரிரு மைக்ரான் போகும். போனது திரும்பாது. வருடத்துக்கு இரண்டு முறை ‘ரப்பிங் பாலிஷ்’ போட்ட வண்டிகளின் பானெட்டும் டாப்பும் சில வருடங்களில் தோல் உரிந்ததுபோல நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதிதாகப் பெயின்ட் அடிப்பதும் சமமான மாற்று அல்ல. தொழிற்சாலையில் வெறும் கூடாக இருக்கும்போதே சுமார் 140 டிகிரி சூட்டில் பெயின்ட்டை வேகவைத்து இறுக்குவார்கள். ஒயரும் பிளாஸ்டிக்கும் மாட்டிய வண்டியை வெளியே அவ்வளவு சூடாக்க முடியாது. அதனால், ஒரிஜினல் பெயின்ட்டை முடிந்தவரை காப்பாற்றுவதுதான் லாபம்.

பையில் என்ன?

அப்பா ஒரு பெரிய டப்பாவைக் காட்டி, “அந்த ஸ்ட்ராங் காம்பவுண்டே குடுங்க, ஒரேயடியா போயிடும்” என்றார். கடைக்காரர் தரவில்லை. “தோசைக்கல்ல சுரண்டற மாதிரி ஆயிடும் சார். முதல்ல இருக்கிறதுலயே மென்மையானதுல ஆரம்பிங்க. அதுல போகலைன்னா மட்டும் அடுத்தது.”

கடைசியில் பையில் சேர்ந்தவை: கார் ஷாம்பு, துகள்களை ஒற்றி எடுக்கும் களிமண் கட்டி, மென்மையான பாலிஷ் ஒரு பாட்டில், ஃபோம் பேட் மூன்று, மைக்ரோஃபைபர் துணி ஆறு, மாஸ்கிங் டேப், ஒரு டப்பா வேக்ஸ். “தேங்காய் எண்ணெய் தடவினா மறையுதே?” என்று கேட்டாள் மகள். “மறையும்மா, போகாது. ஒரு தடவை கழுவினா திரும்ப வந்துடும். டூத் பேஸ்ட்டும் வேணாம். அது பல்லுக்கு” என்றார். செராமிக் கோட்டிங் பற்றியும் கேட்டாள். கீறலை எடுக்காமல் அதைப் போட்டால், கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்ததுபோல கீறல் அப்படியே உள்ளே இருக்கும் என்றார்.

மெஷின் மட்டும் மகளின் தோழி வீட்டில் இருந்தது. சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும் ‘டூயல் ஆக்‌ஷன்’ வகை. ஒர்க் ஷாப்களில் இருக்கும் ஒரே சுழற்சி மெஷின் வேகமாக வேலை செய்யும். ஆனால், பழகாத கையில் சூடேறி நொடியில் பெயின்ட்டைச் சுட்டுவிடும். வீட்டு வேலைக்கு ஆடும் மெஷின்தான் பாதுகாப்பு.

பெரம்பூர் பார்க்கிங்கில் ஞாயிறு

மறுநாள் காலை ஏழு மணி, வெயில் வராத பார்க்கிங். தகரம் சூடாக இருந்தால் பாலிஷ் உடனே காய்ந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் நிழல் அவசியம்.

முதல் வேலை கழுவுவது. ஒரு வாளியில் ஷாம்புத் தண்ணீர், இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர். முதலில் வண்டி முழுக்கத் தண்ணீர் ஊற்றி மணலை இறக்கினார்கள். பிறகு மேலிருந்து கீழாக, வட்டமாக இல்லாமல் நேர்கோட்டில் துடைத்தார்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் நனைத்தார்கள். முடித்தபோது இரண்டாவது வாளியின் அடியில் மணல் தங்கியிருந்தது. அப்பா அதைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

அடுத்து, ஷாம்புத் தண்ணீர் தெளித்துக் களிமண் கட்டியை மெதுவாக இழுத்தார்கள். சொரசொரப்பு போய்ப் பெயின்ட் வழவழப்பானது. ஒருமுறை களிமண் கீழே விழுந்தது. எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தப் போன அப்பாவை மகள் தடுத்தாள். கீழே விழுந்த களிமண்ணும் துணியும் மணலோடுதான் திரும்பி வரும். பிளாஸ்டிக், ரப்பர் ஓரங்களுக்கும் பானெட்டின் கூர்மையான மடிப்புகளுக்கும் டேப் ஒட்டினார்கள். மடிப்புகளில் பெயின்ட் மெல்லியதாக இருக்கும்.

பானெட்டின் ஒரு மூலையில் இரண்டடிக்கு இரண்டடி மட்டும் சோதனை. பேடில் பட்டாணி அளவு பாலிஷ் நாலு சொட்டு. மெஷினை ஓடவிடாமல் முதலில் பரப்பி, பிறகு நடுத்தர வேகத்தில், அவசரமில்லாமல், இடவலமாக ஒருமுறை, மேல்கீழாக ஒருமுறை என நாலு சுற்று. அழுத்தத்துக்குக் கையின் எடையே போதும். துடைத்துவிட்டு டார்ச் அடித்தாள். ஒரு பக்கம் சிலந்தி வலை, இந்தப் பக்கம் தெளிந்த நீலம். நடுவில் கோடு போட்டதுபோல இருந்தது.

“ஒன்பது வருஷம் முன்னாடி ஷோரூம்ல பார்த்த கலர்மா இது” என்றார் அப்பா.

மென்மையான பாலிஷே போதும் என்பது உறுதியானது. ஒவ்வொரு பகுதியாக மாலை நாலு மணி வரை வேலை நடந்தது. மெஷின் இல்லாதவர்கள் கையாலும் செய்யலாம். தோள்வலி நிச்சயம், பாதிக் கீறல்கள்தான் குறையும். பழைய வண்டிகள் சிலவற்றில் கிளியர் கோட்டே இருக்காது. மறைவான இடத்தில் வெள்ளைத் துணியால் பாலிஷ் தேய்க்கும்போது துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால் அந்த வகை. அதில் இன்னும் நிதானம் வேண்டும்.

டிரைவர் பக்கக் கதவு வந்தது. நகம் தட்டிய கீறல் நாலு சுற்றுக்குப் பிறகும் இருந்தது. “இன்னும் நாலு சுத்து சுத்தினா போயிடும்மா.” “அதோட பெயின்ட்டும் போயிடும்ப்பா. இருக்கட்டும், விடுங்க.” அப்பா மெஷினை அணைத்தார். அந்த ஒரு கோடு இப்போதும் இருக்கிறது.

கடைசியாக வேக்ஸ். அதன் பளபளப்பு சில வாரங்களில் குறையும். ஆனால், அடுத்தமுறை தூசி எளிதாக வழுக்கிக்கொண்டு போகும்.

மறுநாள் காலை

குடியிருப்பில் இருபது கார்களை ஒரே வாளி, ஒரே துணியில் துடைப்பவரிடமும் மகள் பேசினாள். அவர் மேல் என்ன தப்பு? கொடுத்தது ஒரு துணிதான். இனி ஆளுக்கு இரண்டு மைக்ரோஃபைபர் துணி தருவது, தினமும் காய்ந்த துணியால் துடைப்பதற்குப் பதில் வாரம் ஒருமுறை தண்ணீரில் கழுவுவது, சம்பளம் அதேதான் என்று நாலு வீடுகள் ஒத்துக்கொண்டன.

திங்கள் காலை ஆறு மணிக்கு அப்பா வழக்கம்போலத் தோளில் துணியோடு கீழே இறங்கினார். ராத்திரித் தூசி பானெட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. முன் கண்ணாடியில் மட்டும் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். பானெட்டைத் தொடவில்லை.

“தூசியா இருக்கேப்பா, முதல் நாள் ஆபீஸுக்கு...” என்றாள் மகள்.

“தூசிதானே, இருக்கட்டும்மா. ஞாயித்துக்கிழமை கழுவிக்கலாம். நீ பார்த்துப் போ.”